கார நீர் இயந்திரமும் கட்டியின் அமிலமும்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

என் அத்தானுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் என்று தெரிந்த மாதத்தில், வீடு தேடி வந்த முகவர் ஒருவரிடம் ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்து அவர் கார நீர் இயந்திரம் ஒன்றை வாங்கினார். குடித்தால் புற்றுநோயின் அமிலத்தை மாற்றிவிடும் என்ற இதே வாக்குறுதியோடு பல பெயர்களில் இவை விற்கப்படுவதால், நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

குடிநீர்ச் சாதனமாகப் பார்த்தால் பெரிய குறையில்லை. கரி வடிகட்டி குளோரின் வாடையை நன்றாகவே நீக்குகிறது. ஆனால் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல், மூன்றாவது வாரத்திலேயே குழாய் முனையில் வெள்ளைப் படிவு கட்டிவிட்டது.

முகவரின் செய்முறை விளக்கம்தான் கவனிக்க வேண்டியது. இரண்டு தம்ளர்களில், அமிலத்துக்கும் காரத்துக்கும் ஏற்ப நிறம் மாறும் நிறங்காட்டியைச் சொட்டு விட்டார். குழாய் நீர் பச்சையானது, இயந்திர நீர் ஊதாவானது. ‘புற்றுநோய் அமிலத்தில் மட்டுமே வாழும், இந்த நீர் அந்த அமிலத்தை மாற்றிவிடும்’ என்றார். உயிர்வேதியியல் கற்பிக்கும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை; ஊதா தம்ளரில் எலுமிச்சை மூடி ஒன்றைப் பிழிந்தேன், நிறம் அந்த நொடியே ஆரஞ்சுக்கு இறங்கியது. பிஎச் என்பது அமில-கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். பிஎச் 9.5 உள்ள ஒரு லிட்டர் நீரில் காரத்தன்மை தரும் ஹைட்ராக்சைடு ஏறத்தாழ 0.03 மில்லிமோல்தான், பிஎச் 2 உள்ள இரைப்பை நீர் 3 மில்லிலிட்டர் இருந்தால் அதைச் சமன் செய்துவிடும். அதற்கு அப்பால் இரத்தத்தின் பிஎச்சை 7.35க்கும் 7.45க்கும் இடையில் நுரையீரலும் சிறுநீரகமும் காத்துவருகின்றன.

துண்டறிக்கையில் நோபல் பரிசு பெற்ற ஓட்டோ வார்பர்க்கின் படமும் உண்டு. ஆக்சிஜன் இருந்தும் கட்டிகள் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுவதை 1920களில் அவர் கண்டது உண்மை. ஆனால் 1931இல் அவருக்குப் பரிசு கிடைத்தது சுவாச நொதி பற்றிய ஆய்வுக்காக. மேலும், அந்த அமிலம் கட்டி தானே உண்டாக்குவது. நாம் குடிக்கும் நீரிலிருந்து அது வருவதில்லை.

ஆக்சிஜன் குறையும்போது எச்ஐஎஃப்-1 என்னும் புரதம் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 9 என்ற நொதியின் மரபணுவை முடுக்கிவிடுகிறது. செல் சவ்வில் வெளிப்புறம் நோக்கி அமரும் இந்த நொதி, செல்லிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை நீருடன் சேர்த்துக் காரத்தன்மையுள்ள பைகார்பனேட்டாகவும் அமிலத்தன்மை தரும் புரோட்டானாகவும் பிரிக்கிறது. பைகார்பனேட் கடத்திப் புரதங்கள் வழியே உள்ளே திரும்பிச் செல்லின் பிஎச்சை 7.2க்குக் குறையாமல் வைத்திருக்க, புரோட்டான் வெளியிலேயே தங்கி அங்கே பிஎச்சை 6.5 அளவுக்குக்கூட இறக்குகிறது. தன் வீட்டைப் பெருக்கிக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுகிறவரின் வேலைதான் இது. வெளியில் சேரும் அமிலம் சுற்றியுள்ள திசுவைக் கரைக்கும் நொதிகளுக்கு உதவுகிறது, எதிர்ப்பு சக்தியின் டி செல்களையும் சோர்வடையச் செய்கிறது; கட்டி பரவ வழி கிடைக்கிறது.

அத்தானுக்கு வந்த தெளிசெல் வகைச் சிறுநீரகப் புற்றுநோயில், எச்ஐஎஃப் புரதத்தைக் கட்டுக்குள் வைக்கும் விஎச்எல் மரபணு பெரும்பாலும் பழுதாகிவிடுவதால், ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் இந்த நொதி மிகுதியாகவே உண்டாகிறது. அதைப் பற்றிக்கொள்ளும் ஜிரென்டக்சிமாப் என்ற எதிர்ப்பொருளைக் கொண்டு கட்டியைப் படமெடுக்கும் முறையும், நொதியைத் தடுக்கும் எஸ்எல்சி-0111 என்ற மூலக்கூறும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுள்ளன.

விற்பவர்கள் பக்கம் ஒரு சான்று இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது: 2009இல் வெளியான ஆய்வொன்றில், சோடியம் பைகார்பனேட் கலந்த நீரைக் குடித்த எலிகளிடம் கட்டி பரவுவது குறைந்தது. ஆனால் அந்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சமையல் சோடா இருந்தது; இந்த இயந்திரம் தரும் காரம் அதன் பக்கத்தில்கூட வராது.

இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி ரசீதைத் தேடி எடுத்தோம். புற்றுநோயும் அமிலமும் முகவரின் வாயோடு நின்றுவிட்டன. ரசீதில் இருந்தது ‘வீட்டு உபயோகக் குடிநீர்ச் சாதனம், 1’ என்ற ஒரு வரிதான்.