வேலையை விடாமல் ஜிமேட்: அதிகாரபூர்வப் பயிற்சித் தொகுப்பு எவ்வளவு தூரம் உதவும்?

முழுநேர வேலையில் இருந்துகொண்டு, எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வாகிய ஜிமேட் எழுத முடிவு செய்பவர்கள் முதலில் வார இறுதி வகுப்பில் சேர்கிறார்கள், பிறகு காணொளிச் சந்தா கட்டுகிறார்கள், அதன்பின் யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மூன்று கேள்வித் தொகுப்புகளையும் வாங்கி அடுக்குகிறார்கள். தேர்வை நடத்தும் கிராஜுவேட் மேனேஜ்மென்ட் அட்மிஷன் கவுன்சில் தானே தயாரித்து வெளியிடும் பயிற்சிப் பொருள்கள் இந்த வரிசையில் பெரும்பாலும் கடைசியில்தான் வருகின்றன. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. எம்பிஏ.காம் தளத்தில் கிடைக்கும் ஆறு பயிற்சித் தேர்வுகள், அஃபிஷியல் கைடு எனப்படும் வழிகாட்டி நூல், அந்த நூலோடு வரும் இணையக் கேள்வி வங்கி ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாக எடுத்துக்கொண்டு, இரவு எட்டு மணி அழைப்பை முடித்துவிட்டு மறுநாள் விடியலில் படிக்க உட்காரும் ஒருவருக்கு அது எப்படிப் பயன்படும் என்ற ஒரே கோணத்தில் இங்கே மதிப்பிடுகிறேன். கல்லூரியை முடித்துவிட்டு நாள் முழுவதும் படிக்க வாய்ப்புள்ளவர்களுக்கு இதில் சில கருத்துகள் பொருந்தாமல் போகலாம்.

வேலையில் இருப்பவர்கள் ஏன் இந்தத் தேர்வை நாடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐஐஎம்கள் நடத்தும் கேட் தேர்வு ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடக்கிறது. அந்த வாரம் பார்த்து அலுவலகத்தில் ஒரு பெரிய வெளியீடு வந்து விழுந்தால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான். ஜிமேட்டுக்கு நாளையும் நேரத்தையும் நாமே தேர்ந்துகொள்ளலாம், கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ளலாம், பெற்ற மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஐதராபாத்திலும் மொகாலியிலும் உள்ள இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் எனும் ஐஎஸ்பியின் ஓராண்டுப் படிப்பு, அகமதாபாத் ஐஐஎம்மின் பிஜிபிஎக்ஸ், பெங்களூரு ஐஐஎம்மின் இபிஜிபி, சென்னைக்குத் தெற்கே மணமையில் உள்ள கிரேட் லேக்ஸின் ஓராண்டுப் படிப்பு என்று பணி அனுபவத்தைக் கேட்கும் படிப்புகள் பலவும் இந்த மதிப்பெண்ணை ஏற்கின்றன. வேலையை விடாமல் தயாராவதற்கு ஏற்ற தேர்வு என்று இதை நான் சொல்வது இந்தக் காரணங்களால்தான். கேள்விகள் எளிமையானவை என்பதால் அன்று.

2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவம் இந்த வசதியை இன்னும் கூட்டியிருக்கிறது. கணிதத்துக்குக் குவான்ட், ஆங்கில வாசிப்புக்கும் தர்க்கத்துக்கும் வெர்பல், தரவுகளைப் படித்து முடிவெடுப்பதற்கு டேட்டா இன்சைட்ஸ் என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மொத்தம் 64 கேள்விகள், இரண்டேகால் மணி நேரம். கட்டுரை எழுதும் பகுதி, வாக்கியத் திருத்தம், வடிவியல் மூன்றும் நீக்கப்பட்டுவிட்டன. மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை செல்கிறது, எல்லா மதிப்பெண்ணும் 5 என்ற இலக்கத்திலேயே முடிகிறது. பழைய வடிவத்தில் எழுதிய அண்ணன்மார்கள் 700 என்று பெருமையாகச் சொல்லும் எண்ணுக்கு ஏறத்தாழ நிகரானது இப்போதைய 645 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் தேவையற்ற மனச்சோர்வைத் தவிர்க்கலாம்.

இனிப் பயிற்சித் தேர்வுகள். ஆறில் முதல் இரண்டு இலவசம், மீதி நான்கையும் விலை கொடுத்து வாங்க வேண்டும். இந்தத் தொகுப்பில் எதை விட்டாலும் இவற்றை மட்டும் விடக்கூடாது என்று தயங்காமல் சொல்வேன். ஜிமேட், நாம் விடையளிக்கும் விதத்தைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைத் தீர்மானிக்கும் தேர்வு. அந்தத் தீர்மானத்தைச் செய்யும் கணக்கு முறை தேர்வை நடத்துபவர்களிடம்தான் இருக்கிறது. தனியார் மாக் டெஸ்ட்கள், அதாவது மாதிரித் தேர்வுகள், எவ்வளவு கவனமாகத் தயாரிக்கப்பட்டாலும் அந்தக் கணக்கை வெளியிலிருந்து ஊகித்தே செயல்படுகின்றன. அவற்றில் சில வேண்டுமென்றே கடினமாக அமைக்கப்பட்டு மாணவரை மிரட்டுகின்றன, சில தாராளமாக மதிப்பெண் வழங்கி மயக்குகின்றன. அதிகாரபூர்வத் தேர்வு காட்டும் எண்ணை அப்படியே நம்பித் திட்டமிடலாம். திரை அமைப்பு, பகுதிகளின் வரிசையை நாமே தேர்ந்தெடுப்பது, கேள்விக்குக் குறியிட்டு வைத்துப் பகுதியின் முடிவில் அதிகபட்சம் மூன்று விடைகளை மாற்றுவது, நடுவில் ஒரு முறை எடுத்துக்கொள்ளும் பத்து நிமிட இடைவேளை என எல்லாமே உண்மைத் தேர்வில் உள்ளபடி இருப்பதால், தேர்வறையில் புதிதாகப் பழக வேண்டியது என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆனால் இவை தீர்ந்துபோகும் சரக்கு. மீண்டும் எழுத வசதி உண்டு என்றாலும் முன்பு பார்த்த கேள்விகள் திரும்ப வரக்கூடும். அவ்வாறு வந்தால் மதிப்பெண் ஊதிப்பெருகும், அதற்குப் பொருள் ஏதும் இருக்காது. ஆகவே ஆறையும் எந்த நாளில், எந்த மனநிலையில் எழுதுவது என்பது வேலையில் இருப்பவருக்கு ஒரு தனிப் பிரச்சினையாகிறது. வெள்ளிக்கிழமை இரவு, வாரத்தின் களைப்பு முழுவதும் உடம்பில் இருக்கும்போது, எப்படியாவது ஒன்றை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்பவர் அளப்பது தன் திறமையை அன்று, தன் தூக்கக் குறைவை. அவ்வாறு கிடைத்த குறைந்த எண்ணைப் பார்த்துப் பாடத்தை முதலிலிருந்து தொடங்குவோரும், ஒரேயடியாகக் கைவிடுவோரும் உண்டு. உண்மைத் தேர்வுக்கு எந்த நேரத்தைப் பதிவு செய்யப்போகிறோமோ அதே நேரத்தில், விடுமுறை நாள் ஒன்றில், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு எழுதுவதே இந்தப் பொருளுக்கு நாம் செய்யும் நியாயம். இலவசமான முதல் தேர்வை அடிப்படைகளை ஒருமுறை புரட்டிய உடனேயே எழுதிவிடலாம். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் மாதக்கணக்கில் படிப்பதில் பயனில்லை. இரண்டாவதை நடுவழியில் வைத்துக்கொள்ளலாம். விலைக்கு வாங்கும் நான்கும் கடைசி ஐந்தாறு வாரங்களுக்கு உரியவை, அதிலும் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. எழுதிய தேர்வை அலசிப் பார்ப்பதற்கு எழுதிய நேரத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும், வார நாட்களின் விடியற்காலைகள் அதற்குத்தான் சரியாக இருக்கும்.

அஃபிஷியல் கைடு நூலைப் பொறுத்தவரை என் பாராட்டு இத்தனை தாராளமானது அன்று. கேள்விகளின் தரத்தில் குறை காண இயலாது; முந்தைய தேர்வுகளில் உண்மையாகவே கேட்கப்பட்டு ஓய்வு கொடுக்கப்பட்ட கேள்விகள் என்பதால், பொறி எங்கே வைக்கப்படுகிறது என்பதை இவற்றைப் போல் வேறெந்தத் தொகுப்பும் காட்டுவதில்லை. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருப்பதும், இணையக் கேள்வி வங்கியில் நமக்கு வேண்டிய தலைப்பையும் கடினத்தையும் தேர்ந்து சிறு தொகுதிகளாக எழுத முடிவதும் வேலைக்குப் போகிறவருக்குப் பெரிய உதவி. மதிய உணவுக்குப் பின் கிடைக்கும் இருபது நிமிடத்தில் எட்டுக் கேள்விகளைக் கடிகாரத்தோடு முடித்துவிடலாம். குறை விளக்கங்களில் இருக்கிறது. குவான்ட் பகுதியில் ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டு நிமிடமும் சில வினாடிகளுமே கிடைக்கின்றன என்றபோது, நூலின் விளக்கம் பல இடங்களில் பள்ளிப் பாடநூலின் பாணியில் சமன்பாடுகளை அமைத்து வரிவரியாகத் தீர்த்துச் செல்கிறது. விடைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது, எளிய எண்ணை எடுத்துக்கொண்டு சோதிப்பது, தோராயமாக மதிப்பிட்டு மூன்று விடைகளை ஒதுக்குவது போன்ற வழிகளைத் தேர்வறையில் நேரத்தை மிச்சப்படுத்துபவர்கள் கையாள்கிறார்கள்; நூலின் விளக்கங்களில் இவற்றுக்கு உரிய இடம் இல்லை. சரியான விளக்கமே, ஆனால் அவசரக்காரருக்கு உதவாது.

டேட்டா இன்சைட்ஸ் பகுதியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அலுவலக அனுபவம் உள்ளவர்கள் இதைத் தங்கள் சொந்த மண் என்று எண்ணி அலட்சியப்படுத்துகிறார்கள். அட்டவணைகள், வரைபடங்கள், இரண்டு மூன்று மின்னஞ்சல்களைப் படித்து முடிவுக்கு வருவது என்று பார்வைக்கு அன்றாட வேலை போலவே இருக்கிறது. எக்செல்லில் புழங்கிய கைக்கு இங்கே கிடைப்பதோ ஒரு நெடுவரிசையின்படி அடுக்கிப் பார்க்கும் வசதியும் திரையில் ஒரு சாதாரணக் கால்குலேட்டரும் மட்டுமே. அதற்கு மேல், ஒரு கேள்விக்குள் மூன்று உட்கூற்றுகள் இருந்தால் மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். இரண்டு சரி என்பதற்குப் பாதி தருவதில்லை. 20 கேள்விகளுக்கு 45 நிமிடம் என்பது தாராளமாகத் தோன்றினாலும், பல ஆவணங்களைப் படிக்கும் வகைக் கேள்விகளில் நேரம் கரைவது தெரியாது. அட்டவணைக் கேள்விகளைத் தாளில் பயிற்சி செய்வதில் பொருளில்லை, ஆகவே இந்தப் பகுதிக்கு நூலை மூடிவைத்துவிட்டு இணையக் கேள்வி வங்கியையே நாட வேண்டும்.

இதே பகுதியில் வரும் டேட்டா சஃபிஷியன்சி வகையில் விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் 17 ரூபாய் பேனாக்களும் 5 ரூபாய் பென்சில்களும், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒன்றாவது, வாங்குகிறார். மொத்தம் 100 ரூபாய் ஆகிறது. எத்தனை பேனா வாங்கினார் என்று சொல்ல இது போதுமா? தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று, ஆகவே போதாது என்று பள்ளிக் கணிதம் பழகிய மனம் உடனே முடிவு கட்டிவிடும். பேனாக்களின் எண்ணிக்கை முழு எண்ணாக இருக்க வேண்டும், அதுவும் ஐந்தின் மடங்காக இருக்க வேண்டும் என்று கவனிப்பவருக்கு ஐந்து பேனா, மூன்று பென்சில் என்ற ஒரே வழிதான் உண்டு என்பது புலப்படும், ஆகவே போதும். இந்த உதாரணம் நான் அமைத்தது, ஆனால் அஃபிஷியல் கைடு பயிற்றுவிக்கும் எச்சரிக்கை இத்தகையதே. களைப்பில் இருக்கும் மனம் முதலில் இழப்பதும் இந்த எச்சரிக்கையைத்தான், அதனால் இந்த வகைக் கேள்விகளை இரவில் படிக்க வேண்டாம் என்பேன்.

வெர்பல் பகுதியில் வாக்கியத் திருத்தம் நீங்கியது, ஆங்கிலத்தைத் தாமதமாகக் கற்றவர்களுக்கு, குறிப்பாகத் தமிழ்வழியில் படித்துப் பொறியியலுக்கு வந்தவர்களுக்கு, உண்மையான நிவாரணம். ஆங்கில மரபுத்தொடர்களில் எது வழக்கு, எது வழு என்று மனப்பாடம் செய்யும் வேலை முற்றிலும் போய்விட்டது. எஞ்சியிருப்பவை வாசித்துப் புரிந்துகொள்ளலும் தர்க்கமும். தர்க்கக் கேள்விகளில் பணி அனுபவம் சில நேரம் இடையூறாக வந்து நிற்கிறது. விலையைக் குறைத்ததால் விற்பனை கூடியது என்று ஒரு பத்தி வாதிட்டால், சந்தைப்படுத்தல் துறையில் இருப்பவர் தாம் பார்த்த பத்து நிகழ்வுகளை நினைவுகூர்ந்து, பத்தியில் இல்லாத காரணங்களைத் தாமே சேர்த்துக்கொண்டு விடையைத் தேர்கிறார். கேட்கப்படுவது அந்தப் பத்தியின் வாதத்துக்கு எது ஆதரவு, எது பாதகம் என்பதே. இந்தப் பகுதியில் நூலின் விளக்கங்கள், குவான்ட் பகுதியைப் போலன்றி, மிகச் சிறப்பாக இருக்கின்றன. தவறான நான்கு விடைகளும் ஏன் தவறு என்பதைப் படித்துவருவதே ஒரு முழு வகுப்புக்கு நிகர்.

இந்தத் தொகுப்பு எதையும் முதலிலிருந்து கற்றுத் தராது. விகிதம், சதவீதம், நிகழ்தகவு ஆகியவற்றைப் பத்தாண்டுகளாகத் தொடாதவர் இதை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினால் இரண்டு வாரத்தில் சலித்துப்போவார். அவர்கள் அடிப்படைகளுக்கு மட்டும் ஒரு காணொளித் தொடரையோ பழைய பள்ளிப் பாடநூலையோ நாடுவது நல்லது. வார இறுதி வகுப்புகளைப் பொதுவாக நான் பரிந்துரைப்பதில்லை. வாரத்தில் கிடைக்கும் இரண்டே நல்ல காலைப் பொழுதுகளை அடுத்தவரின் வேகத்துக்கு ஒப்படைப்பது, நேரமே முதலீடாக உள்ள ஒருவருக்குக் கட்டுப்படியாகாத பேரம். தானாகப் படிக்கும் ஒழுங்கு தனக்கு வராது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும் விதிவிலக்கு. தேர்வு மையத்தில் எழுதும் கட்டணமே 275 டாலர் என்றிருக்கையில், விலைக்கு வாங்கும் பயிற்சித் தேர்வுகளுக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தப் பார்ப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நூலில் மிச்சம் பிடிக்க வழி உண்டு. திருவல்லிக்கேணியின் பழைய புத்தகக் கடைகளில் ஜிமேட் வழிகாட்டியின் முந்தைய பதிப்புகள் தென்படுவதுண்டு. வாசிப்பு, தர்க்கம், எண்கணிதம், இயற்கணிதம் ஆகிய பகுதிகள் அவற்றில் இன்றைக்கும் செல்லும், வாக்கியத் திருத்தமும் வடிவியலும் வரும் பக்கங்களை மட்டும் தாண்டிச் செல்ல வேண்டும். பழைய பிரதியில் உள்ள இணையக் குறியீட்டை முந்தைய உரிமையாளர் பயன்படுத்தியிருப்பார் என்பதால் கேள்வி வங்கி கிடைக்காது. டேட்டா இன்சைட்ஸில் வலுவில்லாதவர்கள் ஆகவே புதிய பதிப்பையே வாங்கட்டும். மற்றவர்கள் பழைய நூலோடும் இலவசமான இரண்டு தேர்வுகளோடும் தொடங்கி, முதல் எண்ணைப் பார்த்த பிறகு அடுத்த செலவைத் தீர்மானித்துக்கொள்ளலாம்.