பட்டுவாடா செய்தவன் ஆன்லைனில் பணம் கட்டப் பழகிய கதை

கும்பகோணம் பக்கம் ஒரு துணை அஞ்சலகத்தில் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து, முப்பத்தெட்டு வருடம் அடுத்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது ஒரு ரூபாய் இடித்தால்கூட வீட்டுக்குப் போக மாட்டேன். 2018-இல் ஓய்வு பெற்றேன். அப்படிப்பட்டவன் 2022 ஆகஸ்டில் ஒரு மத்தியானம், கால் மணி நேரத்தில், 18,500 ரூபாயை என் விரலாலேயே முன்பின் தெரியாத ஒருவனுக்கு அனுப்பி வைத்தேன். அதற்கு முன் இரண்டு வருடம், அதற்குப் பின் மூன்று வருடத்துக்கு மேல் ஆன்லைனில் சாமான் வாங்கிப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றும் நிறுத்தவில்லை. ஆனால் கட்டும் விதம் மாறிவிட்டது. என் வயதுக்காரர்கள் பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

ஆரம்பம் 2020 ஊரடங்கு. எனக்குச் சர்க்கரை. பரிசோதிக்கும் ஸ்டிரிப் பக்கத்து மருந்துக்கடைகளில் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகள், "அப்பா, நான் போட்டு விடறேன், நீங்க வாங்கி மட்டும் வெச்சுக்கோங்க" என்றாள். இரண்டு மாதம் அப்படி ஓடியது. ஒவ்வொன்றுக்கும் மகளைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நானே கற்றுக்கொண்டேன்.

முதல் ஒரு வருடம் கேஷ் ஆன் டெலிவரி மட்டும்தான். எனக்கு அது புதிதே இல்லை, எங்கள் பழைய வி.பி.பி.தான். தபால்காரர் பார்சலைக் கொண்டுவருவார், பணத்தைக் கட்டினால்தான் கையில் தருவார், பிரித்துப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். கைக்கடிகாரத்துக்கு வி.பி.பி. கட்டி உள்ளே செங்கல் துண்டு கண்டவர்கள் கவுண்டரில் வந்து சத்தம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் மறந்துவிட்டு, கையில் பொருள் வந்த பிறகு பணம், இதில் என்ன ஆபத்து என்று நினைத்திருந்தேன். ஒருநாள் நான் வெளியே போயிருந்தபோது என் பெயருக்கு 599 ரூபாய்க்கு ஒரு பார்சல் வந்தது. நான்தான் ஏதோ வாங்கியிருக்கிறேன் என்று மனைவி பணத்தைக் கொடுத்துவிட்டாள். உள்ளே இரண்டு கைக்குட்டை, ஒரு பிளாஸ்டிக் சீப்பு. நான் எதையும் கேட்கவே இல்லை. பெயரும் விலாசமும் எங்கிருந்தோ கிடைத்தால் போதும், இப்படி அனுப்பிவிடுகிறார்கள். அன்று முதல் எங்கள் வீட்டில், நான் காலண்டரில் குறித்து வைக்காத பார்சலுக்கு யாரும் பணம் கட்டுவதில்லை.

கேஷ் ஆன் டெலிவரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பொருளைத் திருப்பி அனுப்பினால் ரீஃபண்டுக்கு வங்கிக் கணக்கு விவரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. முன்பணமாகக் கட்டியிருந்தால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். இதைப் பார்த்துத்தான் யூபிஐக்கு மாறினேன். ஓய்வூதியம் வரும் கணக்கையே இணைத்தேன். அதுதான் தப்பு என்று அப்போது தெரியாது.

அந்த ஆகஸ்ட் மத்தியானம் நடந்தது இது. ஸ்டிரிப்புக்கு 1,240 ரூபாய் கட்டினேன். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ஆர்டர் விழவில்லை. பதற்றமாகிவிட்டது. தேடுபொறியில் அந்தக் கடையின் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி, முதலில் வந்ததற்கு அடித்தேன். நல்ல தமிழில், மரியாதையாக ஒருவன் பேசினான். "சார், கவலைப்படாதீங்க, ரீஃபண்ட் போட்டுடலாம்" என்றான். ஒரு நம்பரைக் கொடுத்து, யூபிஐயில் அதைத் திறக்கச் சொன்னான். "உங்க ரீஃபண்ட் கோடு 18500. அதை அந்தக் கட்டத்துல அடிங்க. அப்புறம் பின் நம்பரைப் போட்டா பணம் ஏறிடும்" என்றான். போட்டேன். டெபிட் என்று எஸ்.எம்.எஸ். வந்தது. "சர்வர் கோளாறு சார், ரிவர்ஸ் பண்ண இன்னொரு கோடு, 24999" என்றான். அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டதும்தான், கோடு என்று அவன் சொன்னது தொகை என்பது எனக்கு உறைத்தது.

இந்தப் பின் நம்பர் விஷயத்தை நான் பலநாள் யோசித்தேன். கணக்கு தெரிந்தவன், எப்படி இதில் விழுந்தேன்? காரணம் என் தொழிலேதான் என்று தோன்றுகிறது. மணியார்டர் வாங்க வருபவர் கையெழுத்துப் போடுவார், இல்லாவிட்டால் கைநாட்டு வைப்பார். பணம் எடுக்க வித்டிராயல் ஃபாரத்தில் கையெழுத்து. பணம் வாங்குகிறவன்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்பது எங்கள் தலைமுறையின் எலும்பில் ஊறியது. அதனால் "பணம் வர பின் போடுங்க" என்று ஒருவன் சொன்னால் நமக்கு விபரீதமாகப் படுவதில்லை. யூபிஐயில் அப்படியே தலைகீழ். பணப் பரிமாற்றத்தில் பின் என்பது பணம் வெளியே போவதற்கு மட்டும். வருவதற்கு எதையும் அடிக்க வேண்டாம், ஸ்கேன் செய்யவும் வேண்டாம். என் பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கு இது சொல்லித் தரவேண்டியதே இல்லை, அவர்கள் வித்டிராயல் ஃபாரத்தைப் பார்த்ததில்லை.

உடனே 1930-க்கு அடித்தேன். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். பரிவர்த்தனை எண், நேரம், தொகை கேட்டு எழுதிக்கொண்டார்கள். வங்கிக்குச் சொல்லி யூபிஐயை நிறுத்தினேன். பணம் அதற்குள் கைமாறிவிட்டது, திரும்ப வரவில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி ஒன்று இருக்கிறது. உங்கள் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல் வேறெங்கோ கோளாறாகிப் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டமில்லை. உங்கள் கவனக்குறைவால் போனதென்றால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போனது உங்கள் தலையில், அதற்குப் பிறகு போவது வங்கியின் தலையில். என்னுடையது இரண்டாவது வகை. கிளையில் இருந்த பெண் அதை மென்மையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் காது சுட்டது.

வேடிக்கை என்னவென்றால், முதலில் போன 1,240 ரூபாய் மூன்றாம் நாள் தானாகக் கணக்குக்கு வந்துவிட்டது. கடைக்குக் கட்டிய யூபிஐ தொகை பிடிக்கப்பட்டு, கடைக்குப் போய்ச் சேராவிட்டால் ஐந்து நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019-இலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சும்மா இருந்திருந்தால் போதும். இப்போது அப்படி நடந்தால் காலண்டரில் தேதி எழுதிவிட்டு மோர் குடிக்கப் போய்விடுவேன். கஸ்டமர் கேர் நம்பர் வேண்டுமென்றால் அந்தக் கடையின் ஆப்புக்குள் போய்த்தான் எடுப்பேன்.

அப்புறம் செய்ததுதான் முக்கியம். எச்சரிக்கையாக இருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்றைக்கும் நான் எச்சரிக்கையானவன்தான். மறுபடி ஏமாற மாட்டேன் என்று என்னை நானே நம்பவில்லை. ஏமாந்தாலும் சின்னதாக ஏமாறும்படி கணக்கை மாற்றினேன்.

வேறொரு வங்கியில் இரண்டாவது சேமிப்புக் கணக்கு தொடங்கினேன். யூபிஐ அதோடு மட்டும்தான். ஓய்வூதியக் கணக்கிலிருந்து மாதம் பிறந்ததும் 3,000 ரூபாய் தானாக இதற்கு மாறும்படி கிளையில் ஒரு ஃபாரம் எழுதிக் கொடுத்தேன். (அதில் கையெழுத்துப் போட்டபோது என்ன நிம்மதி!) ஓய்வூதியக் கணக்கில் நெட்பேங்கிங் கிடையாது, யூபிஐ கிடையாது.

இதில் பலர் கோட்டைவிடும் ஒரு விஷயம் உண்டு. யூபிஐ ஆப் போனில் இருக்கும் சிம் நம்பரை வைத்துத்தான் கணக்கைத் தேடுகிறது. இரண்டு கணக்குக்கும் ஒரே நம்பர் கொடுத்திருந்தால், ஓய்வூதியக் கணக்கையும் அதே ஆப்பில் இணைக்க வழி திறந்தே கிடக்கிறது. அதனால் ஓய்வூதியக் கணக்கின் நம்பரைப் பழைய பட்டன் போனில் இருக்கும் சிம்முக்கு மாற்றிவிட்டேன். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். லிங்க் வந்தாலும் அதில் திறக்காது. குறை என்னவென்றால் அந்த சிம்முக்குத் தனியாக ரீசார்ஜ் போடவேண்டும். ஒரு தடவை மறந்து, எஸ்.எம்.எஸ். வராமல் வங்கிக்கு நடந்தேன்.

ஏடிஎம் கார்டில் ஆன்லைன், வெளிநாடு, கடை இயந்திரத்தில் கார்டைத் தட்டிக் கட்டுவது என மூன்றையும் தனித்தனியாக அணைத்து வைக்கலாம். 2020-இல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் இந்த வசதி தரச் சொல்லிவிட்டது. தட்டிக் கட்டுவதில் 5,000 ரூபாய் வரை பின் இல்லாமலே போகும் என்பது எனக்கு லேட்டாகத்தான் தெரிந்தது. என் கார்டில் மூன்றும் அணைந்துதான் இருக்கின்றன, ஏடிஎம்மில் எடுப்பது மட்டும் உண்டு. கடைகளில் கார்டைச் சேமிக்கவா என்று கேட்கும் கட்டத்தையும் டிக் செய்வதில்லை. 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் நம் கார்டு எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது, டோக்கன் என்ற மாற்று எண்தான் வைக்கலாம், ஆகையால் முன்பைவிடப் பயம் குறைவு. எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

புதிய கடை என்றால் அதன் பக்கத்தில் கீழே கடைசிவரை இறங்கிப் பார்க்கிறேன். சட்டப்படியான பெயர், விலாசம், குறைதீர் அதிகாரியின் பெயர், தொடர்பு எண் போடவேண்டும் என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. மனைவி ஒரு தீபாவளிக்கு முன் போன் விளம்பரத்தில் பார்த்த 299 ரூபாய் பட்டுப் புடவைக் கடையில் இதில் ஒன்றும் இல்லை. கேஷ் ஆன் டெலிவரியும் இல்லை, ஒரு யூபிஐ ஐடி மட்டும். ஐடியை அடித்ததும் பெறுபவர் பெயர் திரையில் வருமே, அதில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. விட்டுவிட்டோம்.

பார்சல் விலாசம் முழுமையாக இல்லை, 24 மணி நேரத்தில் இந்த லிங்க்கில் திருத்துங்கள் என்று எங்கள் இலாகா பெயரிலேயே எஸ்.எம்.எஸ். வருகிறது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. விலாசம் சரியில்லாவிட்டால் தபால்காரர் தெருவில் நாலு பேரைக் கேட்பார், கிடைக்காவிட்டால் குறிப்பு எழுதி அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். இலாகா யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. இதில் நான் தப்பித்தது தொழில் தெரிந்ததால் மட்டுமே. வங்கி பெயரில் இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வேனோ.

எரிச்சல்களும் உண்டு. கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கினால் சில ஆப்களில் பணம் கட்டும் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது. கூடையில் நான் கேட்காத நன்கொடையோ காப்பீடோ டிக் ஆகி இருக்கும். 2023-லேயே இதைத் தடுத்து அரசு வழிகாட்டுதல் வந்துவிட்டது, ஆனாலும் மொத்தத்தை ஒரு தடவை கையால் கூட்டிப் பார்க்காமல் கட்டுவதில்லை. நல்ல மாற்றம் என்றால், நம்மிடம் பணம் கேட்டுத் தனிநபர் அனுப்பும் யூபிஐ கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அந்த வழியாக ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்று சின்னக் கணக்கில் 1,140 ரூபாய் இருக்கிறது. மனைவி பார்த்து வைத்திருக்கும் சுங்குடிப் புடவை 1,450. ஒன்றாம் தேதிவரை பொறுக்கச் சொன்னேன். "ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாச்சு, கவுண்டர் புத்தி போகல உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.