மெடிஷீல்டு லைஃப்: பில் வரும்போது எவ்வளவு தாங்கும்?

சிங்கப்பூரில் 1990 முதல் இருந்த பழைய அரசு மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு, ஏற்கெனவே நோய் இருந்தால் அதற்குக் கைவிரித்துவிடும். முதுமையில் ஒரு கட்டத்தோடு நின்றும்விடும். 2015 நவம்பர் 1-இல் வந்த மெடிஷீல்டு லைஃப் இரண்டையும் சரிசெய்தது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் ஆயுள் முழுக்கக் காப்புறுதி. கடும் நோயோடு உள்ளே வந்தவர்களுக்கு 10 ஆண்டுகளுக்கு 30% கூடுதல் சந்தா, அவ்வளவுதான். சந்தாவை மெடிசேவிலிருந்தே (சம்பளத்தில் பிடித்துச் சேரும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கட்டலாம். இதில் குறை சொல்ல எதுவுமில்லை.

குழப்பமெல்லாம் பில்லில்தான். காப்புறுதி தரும் தொகைக்கான வரம்புகள், அரசு மருத்துவமனைகளில் அதிக மானியம் உள்ள பி2, சி வார்டுக் கட்டணத்தை ஒட்டி வகுக்கப்பட்டவை. மானியமில்லாத ஏ வார்டு, தனியார் மருத்துவமனை என்று போனால் பில்லில் ஒரு பங்கை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். அடுத்து அறை, அறுவை சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு. அதற்குள் அடங்கும் தொகையில், காப்புறுதி தரத் தொடங்குமுன் நோயாளி ஏற்க வேண்டிய கழிப்புத்தொகை போகும் (காப்புறுதி ஆண்டுக்கு ஒருமுறைதான்). மீதியில் நோயாளியின் பங்கு 10%-இல் தொடங்கி, தொகை ஏற ஏற 3% வரை இறங்கும். சின்ன பில் கழிப்புத்தொகையிலேயே கரைந்துவிடும். ஒரு வெள்ளிகூட வராது. ஏமாந்துவிட்டோம் என்று பலர் நினைப்பது இங்கேதான், ஆனால் இது பெரிய பில்லுக்காகவே செய்யப்பட்ட திட்டம். வெளிநோயாளியாகச் செய்துகொள்ளும் டயாலிசிஸ், கீமோவுக்குக் கழிப்புத்தொகை கிடையாது.

புற்றுநோய் மருந்தில் கூடுதல் கவனம் தேவை. 2022 செப்டம்பர் முதல், வெளிநோயாளிகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டுமே பணம். ஒரே மருந்து ஒரு வகைப் புற்றுநோய்க்குப் பட்டியலில் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. சிகிச்சை தொடங்குமுன் மருந்தின் பெயரோடு எந்த நோய்க்கு என்பதையும் சொல்லி மருத்துவமனையில் கேளுங்கள்.

மேல்வார்டு வேண்டுமென்று தனியார் ஒருங்கிணைந்த திட்டம் எடுப்பவர்கள் இரண்டு காப்புறுதி வாங்குவதில்லை. மெடிஷீல்டு லைஃப் அதற்குள்ளேயே இருக்கிறது. பழைய நோயைத் தனியார் பகுதி விலக்கினாலும் அடிப்படைப் பகுதி தரும். தனியார் பகுதிச் சந்தாவுக்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 40 வயது வரை 300 வெள்ளி, 70 வரை 600, அதற்கு மேல் 900 மட்டுமே எடுக்கலாம். மிச்சம் ரொக்கம். நோயாளியின் பங்கைக் குறைக்க எடுக்கும் கூடுதல் காப்புறுதியான ரைடர் முழுக்கவே ரொக்கம். வயதான பிறகு கையைக் கடிப்பது இதுதான், ஆகவே இன்றைய சந்தாவை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், 75 வயதுக்கான சந்தா அட்டவணையையும் முகவரிடம் கேட்டு வாங்குங்கள்.