பெங்களூரிலிருந்து ஊட்டி, குன்னூருக்கு வீடு மாற்றுகிறீர்களா? லாரிக் கதவு சாத்தும் முன் எல்.ஆர். என்ற லாரி ரசீதைப் பாருங்கள்

கைக்குழந்தையையோ பள்ளி போகும் பிள்ளையையோ கூட்டிக்கொண்டு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் குடிபோகிறவர்களிடம் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பெயரில் நடக்கும் ஏமாற்று வேலை பற்றிய எச்சரிக்கை இது. பெங்களூரை வைத்து எழுதியிருக்கிறோம். சென்னையிலிருந்து போனாலும் பாதை மட்டும்தான் மாறும், சூத்திரம் ஒன்றுதான்.

நடக்கும் விதம் இது. இணையத்தில் ஒரு பட்டியல் தளத்தில் உங்கள் எண்ணைப் பதிகிறீர்கள். பத்து நிமிடத்தில் ஐந்தாறு அழைப்புகள் வரும், ஏனென்றால் உங்கள் எண் ஒரே நேரத்தில் பலருக்கு விற்கப்படுகிறது. மற்றவர்கள் 25,000, 30,000 என்று சொல்லும்போது ஒருவர் மட்டும் 9,500 என்பார். "எல்லாம் சேர்த்துத்தான் சார், கடைசி ரேட்." ஊரெல்லாம் தெரிந்த ஒரு பெரிய கம்பெனியின் பெயரோடு ஓரெழுத்து கூட்டியோ குறைத்தோ இவர்கள் பெயர் இருக்கும். முன்பணம் இரண்டாயிரம் தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்வார்கள். வீட்டைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

வண்டி வரும் நாளில் சொன்ன நேரத்துக்கு ரொம்பத் தாமதமாக நான்கு பேர் வந்து, பரபரவென்று கட்டி ஏற்றுவார்கள். கதவைச் சாத்திப் பூட்டியதும் போன் வரும்: "சாமான் கூடிடுச்சு மேடம், 34,000 ஆகும். இப்பவே பாதி போடுங்க, இல்லைன்னா வண்டி குடோனுக்குப் போகும்." குழந்தை காரில் அழுதுகொண்டிருக்கும், பழைய வீட்டுச் சாவியை உரிமையாளரிடம் கொடுத்தாயிற்று, ஊட்டியில் வெறும் தரை காத்திருக்கிறது. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டார் போர்வையும் பால் பாத்திரமும் இல்லாமல் இரண்டு ராத்திரி தாங்க மாட்டார்கள் என்பது போன் செய்த சூப்பர்வைசருக்குத் தெரியும். முதலில் ரேட் பேசப் போன் செய்தபோதே "எத்தனை பேர் சார் ஃபேமிலி, சின்னப் பசங்க இருக்காங்களா?" என்று கேட்டது அக்கறையால் அல்ல.

9,500 ஏன் நடக்காத கணக்கு என்று பார்க்கலாம். கூடலூர் வழியாக ஒருவழி ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமானுக்கு 14 அடி அல்லது 17 அடி வண்டி வேண்டும். மலை ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர்தான் கொடுக்கும். திரும்பி வரும்போது பெரும்பாலும் காலி, அந்தச் செலவும் உங்கள் தலையில்தான். 600 கிலோமீட்டருக்கு 90 லிட்டர் டீசல், லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே 8,100. அதன்மேல் டோல், டிரைவர் பேட்டா, இரண்டு முனையிலும் லோடுமேன் கூலி, நாற்பது அட்டைப் பெட்டி, பபிள் ரேப், ஸ்ட்ரெச் ஃபிலிம். லாபமே வைக்காமல் 25,000-ஐ நெருங்கிவிடும். ஆகவே 9,500 சொல்பவர் ஒன்று பின்னால் பிடுங்கப் போகிறார், இல்லையென்றால் உங்கள் சாமானை மற்ற மூன்று வீட்டுச் சாமானோடு பார்ட் லோடாகக் கலந்து, குடோனில் இறக்கி ஏற்றி, எட்டு நாள் கழித்துக் கொண்டுவரப் போகிறார்.

இதில் எல்லாம் தங்கியிருப்பது ஒரே காகிதத்தில்: எல்.ஆர். காப்பி, சிலர் பில்டி என்பார்கள். கொட்டேஷன் வேறு, எல்.ஆர். வேறு. வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு "எழுத்தில் இருக்கிறதே" என்று நம்பியிருக்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். சாமான் லாரிக்காரர் கைக்குப் போனதற்கான ரசீது எல்.ஆர். அனுப்புபவர், பெறுபவர், வண்டி எண், பெட்டிகளின் எண்ணிக்கை, சாமானின் மதிப்பு, வாடகை, அது 'பெய்டு'வா (கட்டியாயிற்றா) 'டு பே'யா (சேர்ந்த பிறகு கட்ட வேண்டியதா) என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாடகைக் கட்டத்தைக் காலியாக விட்டு உங்கள் கையெழுத்தை மட்டும் வாங்குவது இவர்களின் வழக்கமான வித்தை. பேசிய தொகையை எண்ணாலும் எழுத்தாலும் நிரப்பி, மேற்கொண்டு எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் லாரிக் கதவு திறந்திருக்கும்போதே சாமானை இறக்கச் சொல்லலாம். ஏற்றிய கூலி போகும், அவ்வளவுதான். கதவு பூட்டிய பிறகு அந்தப் பிடி உங்களிடம் இல்லை.

எல்.ஆரில் உள்ள வண்டி எண்ணும் வந்து நிற்கும் லாரியின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள், போட்டோ எடுங்கள். கம்பெனியின் ஜிஎஸ்டி எண் எழுத்தும் இலக்கமுமாக 15 இடம் கொண்டது, முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: கர்நாடகம் 29, தமிழ்நாடு 33. ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் பதிவுப் பெயர் வரும். அந்தப் பெயரும் நீங்கள் பணம் போடும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் என்று 3 சதவீதம் கேட்பார்கள். நான்கு லட்ச ரூபாய் சாமானுக்கு 12,000. கொடுத்தால் கையில் வருவது பெரும்பாலும் 'எஃப்.ஓ.வி.' என்று எழுதிய ரசீது. அது இன்சூரன்ஸ் பாலிசி அல்ல, சாமான் ஏற்றும் கம்பெனிக்காரர் தானே பொறுப்பேற்பதாகச் சொல்லி வாங்கும் கட்டணம். உடைந்தால் அவரிடமேதான் போய் நிற்க வேண்டும். பாலிசி என்றால் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், வண்டி எண், புறப்படும் ஊர், சேரும் ஊர் எல்லாம் இருக்கும். அந்த நிறுவனத்துக்கே போன் செய்து எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: எல்.ஆரில் மதிப்பு எழுதாமல், கூடுதல் பொறுப்புக் கட்டணமும் கட்டாமல் விட்டால், 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டத்தின் விதிகளின்படி லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான்.

மலைக்கென்றே சில சாக்குகள் உண்டு. வழியில் குண்டல்பேட்டைக்கு அடுத்து வரும் பந்திப்பூர் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், 2009 முதல் இப்படித்தான். பெங்களூரில் மாலை நான்கு மணிக்குக் கிளம்பும் லாரி குண்டல்பேட்டைத் தாண்டவே முடியாது. மறுநாள் 'ஹால்ட்டிங் சார்ஜ்' என்று ஐயாயிரம் கேட்பார்கள். காலையிலேயே ஏற்றி மதியத்துக்குள் கிளப்ப வேண்டும், அல்லது ராத்திரி தங்கல் அவர்கள் செலவு என்று எல்.ஆரிலேயே எழுதிவிட வேண்டும்.

'இ-பாஸ் ஃபீஸ் 2,500' என்பது அடுத்தது. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், அது இலவசம். உங்கள் கேஏ (கர்நாடக) பதிவு காருக்கும் நீங்களே முதல் நாள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாமானுக்கு 'செக்போஸ்ட் டாக்ஸ்', 'ஆக்ட்ராய்' (ஊருக்குள் வரும் சரக்குக்கான வரி) என்பவை சுத்தப் பொய். 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு அவை எதுவும் இல்லை. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் சீட்டு) தேவையில்லை.

கடைசிச் சாக்கு பாதி உண்மை. "ரோடு குறுகல், பெரிய வண்டி வீட்டுக்கு வராது." குன்னூரில் பல வீடுகளுக்கு இது சரியே. மெயின் ரோட்டில் இறக்கி, குட்டி யானையில் இரண்டு நடை அடித்து, அதற்குமேல் படிக்கட்டில் சுமந்துதான் போக வேண்டும். அதனால்தான் புது வீட்டு வாசலையும் அங்கே போகும் குறுகிய தெருவையும் முன்கூட்டியே வீடியோ எடுத்து அனுப்பி, குட்டி யானை வாடகையையும் படிக்கூலியையும் கொட்டேஷனிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். அங்கே போய்ப் பேசினால் மூன்று மடங்கு.

வாஷிங் மெஷின் ஃப்ரன்ட் லோடு என்றால் பின்பக்கம் மூன்று, நான்கு டிரான்ஸிட் போல்ட் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். புதிதாக வாங்கியபோது சர்வீஸ்காரர் கழற்றிக் கொடுத்தவை அவை, நிறையப் பேர் தூக்கிப் போட்டிருப்பார்கள். போல்ட் இல்லாமல் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் டிரம் ஆடி ஆடி சஸ்பென்ஷன் போய்விடும். "முன்னாடியே ரிப்பேரா இருந்திருக்கும்" என்று கையை விரிப்பார்கள். ஏற்றும் முன் மெஷின் ஓடுவதை ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள், டிவிக்கும் அப்படியே. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர் பக்கம் மழை கொட்டும். தார்ப்பாய் கட்டிய திறந்த வண்டி வேண்டாம், மூடிய கன்டெய்னர் கேளுங்கள்.

குழந்தையின் தடுப்பூசி அட்டை, பள்ளி டி.சி., நகை, மருந்து, மூன்று நாளுக்கான கம்பளி உடை, பால் காய்ச்ச ஒரு இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் உங்கள் காரிலேயே வரட்டும். அவை கையில் இருந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பேரம் பேசலாம். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்கினால் அங்கே போய்ப் புது இணைப்பு எடுக்கலாம்.

அப்படியும் மாட்டிக்கொண்டால், மிரட்டல் வாட்ஸ்அப்பிலோ மெசேஜிலோ வரும்படி பேச்சை எழுத்துக்கு இழுங்கள். "ரெண்டு நாள்ல ஏலம் விட்டுருவோம்" என்பது வெற்று மிரட்டல். வாங்கப்படாத சரக்கை விற்கவே சட்டப்படி முதலில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். ஒப்படைத்த சரக்கை வைத்து சரக்கு ஏற்றுபவரே நம்பிக்கை மோசடி செய்வது பாரதிய நியாய சம்ஹிதா 316(3)-இன் கீழ் ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம் என்று பிரிவைச் சொல்லியே மனு எழுதுங்கள். எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் பதியும் வழக்கு) கேட்கலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். முன்பணத்தோடு ஆளே காணாமல் போனால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

டிரைவரோடு சண்டை வேண்டாம். லாரி ஸ்டாண்டில் பிடித்த வாடகை வண்டியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். "மீதியைப் பார்ட்டிகிட்ட வாங்கிக்கோ" என்று அவரையும் ஏமாற்றியே அனுப்பியிருப்பார்கள். அவருக்குப் பேசிய வாடகை எவ்வளவு என்று தன்மையாகக் கேட்டால் சொல்லிவிடுவார். உங்களிடம் கேட்ட தொகைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் புகாருக்கு நல்ல ஆதாரம்.

இறக்கும்போது பெட்டிகளை எண்ணி முடிக்கும் வரை டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரப்படுத்துவார்கள், டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். 'பெட்டி 14 நனைந்துள்ளது, கட்டில் பலகை ஒன்று வரவில்லை' என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்திட்டு, அதைப் போட்டோ எடுங்கள். இழப்புக்கு வழக்குப் போட வேண்டுமென்றால் அதற்கு முன் லாரிக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும், அதுவும் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள். புது ஊரில் செட்டில் ஆகும் அலைச்சலில் இந்தத் தேதியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். முதல் வாரத்திலேயே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை எல்.ஆரோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.