கோ-பே உள்ள பாலிசியா, இல்லாததா? அப்பாவுக்காக நான் மாறிய கதை

குரோம்பேட்டையில் இருக்கும் அப்பாவுக்கு வயது 68, சர்க்கரை உண்டு. முதலில் 20 சதவீதம் கோ-பே உள்ள மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தேன். ஆஸ்பத்திரி பில்லில் ஐந்தில் ஒரு பங்கு நம்முடையது, அதனால் பிரீமியம் குறைவு. இப்போது கோ-பே இல்லாததற்கு மாறிவிட்டேன். ரூம் வாடகை வரம்பு, பணம் கட்டாமல் சேரக்கூடிய ஆஸ்பத்திரிகளின் கேஷ்லெஸ் பட்டியல் எல்லாம் ஏஜென்ட்டே சொல்வார், விடுங்கள்.

நான் கவனிக்காமல் விட்டது வேறு. கோ-பே இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே வீட்டில் கணக்கு ஆரம்பித்துவிடுகிறது. அப்பாவுக்குச் செருப்பு கடித்துக் கால்விரலில் புண். நாலாம் நாள் வீக்கம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் '1,50,000 – நம்ம பங்கு 30,000' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். "மஞ்சள் வெச்சுக் கட்டினா ஆறிடும்டா." எட்டாம் நாள் அட்மிட் செய்தபோது சீழ் உள்ளே இறங்கியிருந்தது, அறுத்துச் சுத்தம் செய்தார்கள். அந்த முப்பதாயிரம் பீரோவிலேயே இருந்தது, அதுதான் ஆற்றாமை.

அமெரிக்காவில் 1970களில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. சில குடும்பங்களுக்கு முழு இலவசம், சிலருக்கு 95 சதவீதம் வரை சொந்தச் செலவு. பங்கு கட்டியவர்கள் வீண் சிகிச்சையோடு அவசியமானதையும் சேர்த்தே குறைத்தார்கள். பெரும்பாலோருக்கு உடம்பு அதனால் கெடவில்லை. ஆனால் ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு இலவசம்தான் நல்லது செய்தது. அப்பா ஏழை இல்லை, ஆனால் கணக்குப் பார்ப்பதில் அவர்களில் ஒருவர்.

கோ-பேக்கும் நியாயம் உண்டு. "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஸ்கேன் பட்டியலை நீட்டும் இடங்களில் அது ஒரு கடிவாளம். முப்பது வயதில், நோய் இல்லாதவர் எடுத்தால் தப்பில்லை.

மாறுவது சுலபமில்லை. ஒரு கம்பெனி மறுத்தது, இன்னொன்று பிரீமியத்தை ஏற்றி ஒப்புக்கொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லாதது கொஞ்சம் ஆறுதல். இதில் இன்னும் கிளெய்ம் போட்டதில்லை, எப்படித் தருவார்கள் என்று இப்போது சொல்ல முடியாது.

போன மாதம் குதிகாலில் சின்ன வெடிப்பு. அவராகவே ஆட்டோ பிடித்து டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். அட்மிட் ஆகாமல் பார்க்கும் செலவுக்கு இந்தப் பாலிசியில் ஒரு பைசா வராது. அதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.