மெரினோ பனியன்: ஆட்டுக்கு நியாயம், ஆற்றுக்கு?

"மெரினோ ஆட்டுக் கம்பளிப் பனியன் ஒன்று தள்ளுபடியில் பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இழைத் தடிமன் 18.5 மைக்ரான், சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை (ஜி.எஸ்.எம்.), முழுக்கை, ஆடுகளைக் கொடுமைப்படுத்தாத கம்பளிக்கான ஆர்.டபிள்யூ.எஸ். முத்திரை. இதெல்லாம் அட்டையிலேயே இருக்கிறது, திருப்பிச் சொல்லப் போவதில்லை. பல குளிர்காலம் உழைத்து, ஒட்டுப்போட்ட பிறகு இந்தப் பனியன் எப்படி இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். இது நாறுவதில்லை. பாலியஸ்டர் பனியன் ஒரே மலையேற்றத்தில் பக்கத்தில் நிற்பவரை விரட்டிவிடும். கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும், தொட்டால் ஈரம் தெரியாது. வாடை தரும் சேர்மங்களையும் இழைக்குள் பிடித்துவைத்துத் துவைக்கும்போது விட்டுவிடும். இரவு காற்றாடத் தொங்கவிட்டால் காலையில் மறுபடி போடலாம். குத்தலும் இல்லை. தோலைக் குத்துவது சராசரித் தடிமன் அல்ல, 30 மைக்ரானைத் தாண்டிய முரட்டு இழைகள்தான். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் அவை கலந்திருந்தால்தான் பலருக்கும் அரிப்பு எடுக்கும். இதில் அவ்வளவு இல்லை.

முத்திரை சொல்லும் விஷயமும் பொய்யில்லை. ஆஸ்திரேலிய மெரினோ ஆட்டின் பின்பகுதியில் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். அங்கே மூத்திரமும் புழுக்கையும் ஒட்டி ஈரமாகும்போது லூசிலியா குப்ரினா என்ற ஈ முட்டையிடும், புழு உயிரோடு சதையைத் தின்னும். அதைத் தடுக்கக் குட்டியின் அந்தத் தோலைக் கத்தரியால் வெட்டி எடுப்பதுதான் மியூல்சிங். 2010க்குள் கைவிடுவோம் என்று ஆஸ்திரேலியக் கம்பளித் துறை சொன்னது, பிறகு அந்தக் கெடுவையே கைவிட்டது. நியூசிலாந்து 2018இல் சட்டம் போட்டே நிறுத்தியது. ஆர்.டபிள்யூ.எஸ். இந்த வெட்டை அனுமதிப்பதில்லை. மேய்ச்சல் நிலத்தைப் பராமரிக்கவும் விதி வைத்திருக்கிறது, பண்ணையிலிருந்து கம்பளி எந்தக் கை மாறினாலும் சான்றிதழ் கூடவே போக வேண்டும். வால் நறுக்குவதை மட்டும் நிபந்தனைகளோடு விட்டுவைத்திருக்கிறது. தோல் மடிப்பு குறைந்த ஆடுகளைத் தேர்ந்து பெருக்கும் பண்ணைக்காரருக்கு வருடக்கணக்கில் வேலை, அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பதில் எனக்குப் புகார் இல்லை.

என் எரிச்சல் எல்லாம் உள்பக்கத் துணிச்சீட்டில் இருக்கும் அந்தச் சின்ன வாளிக் குறி மேல்தான். "வாஷிங் மெஷினில் போடலாம்."

கம்பளி இழையின் மேல் ஓட்டுச் செதில்கள் ஒரே பக்கம் பார்த்து அடுக்கியிருக்கும். சூடும் சோப்பும் அலசலும் சேர்ந்தால் ஒவ்வொரு இழையும் ஒரு பக்கமாகவே நகர்ந்து அடுத்ததோடு பூட்டிக்கொள்ளும், திரும்பி வராது. துணி சுருங்கித் தடிப்பது இதனால்தான். சுருங்காமல் இருக்க ஆலைகள் பெரும்பாலும் செய்வது குளோரின்–ஹெர்கோசெட் முறை. சீவிய கம்பளியை முதலில் குளோரின் தொட்டியில் முக்கிச் செதிலின் கூர்மையை அரிப்பார்கள். மிச்சக் குளோரினைச் சல்ஃபைட்டால் முறித்து, பாலிஅமைடு பிசின் ஒன்றை மேலே பூசிக் காயவைப்பார்கள். அந்தக் கழிவுநீரில் கரிமக் குளோரின் சேர்மங்கள் இறங்கும். ஆர்கானிக் ஜவுளிக்கான ஜி.ஓ.டி.எஸ். தரச்சான்று இந்தக் குளோரின் முறையை ஏற்பதில்லை. மின்னேற்றிய வாயுவை (பிளாஸ்மா) இழைமேல் பாய்ச்சுவது போன்ற குளோரின் இல்லாத வழிகளும் இருக்கின்றன. ஆர்.டபிள்யூ.எஸ். முத்திரையின் அக்கறையோ ஆடும் நிலமும்தான், சாயப்பட்டறைத் தொட்டிக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. திருப்பூரையும் நொய்யலையும் அறிந்தவர்களுக்கு இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை. இந்தப் பனியனில் எந்த முறை என்று விற்றவரிடம் எழுதிக் கேட்டால் புல்வெளியில் நிற்கும் ஆட்டுப் படத்தோடு பதில் வருகிறது.

ஆற்றைப் பற்றிக் கவலைப்படாதவருக்கும் இது காசு விஷயம்தான். ஒட்டுப் போடும்போது தெரியும். சாதாரணக் கம்பளி நூலால் ஓட்டையை அடைத்து, துணிச்சீட்டை நம்பி மெஷினில் போட்டால் ஒட்டு மட்டும் சுருங்கும், சுற்றியுள்ள துணி அப்படியே நிற்கும், நடுவில் கொப்புளம்போல் எழும்பும். அதனால் ஒட்டு நூலை முதலில் சோதிக்க வேண்டும். ஒரு விரற்கடை நீளம் எடுத்துப் பிரித்து, சுடுநீரும் சோப்பும் விட்டு உள்ளங்கையில் இரண்டு நிமிடம் தேய்த்தால் சுருங்காதபடி பதப்படுத்தாத கம்பளி திரண்டு கெட்டியான உருண்டையாகும், பதப்படுத்தியது தளர்ந்தே கிடக்கும். இதைவிட நல்லது, பனியனின் கீழ்மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் துணியிலிருந்தே நூல் உருவுவது. முனை மழுங்கிய ஊசியால், அறுந்த கண்ணிகள் மேலும் ஓடாதபடி முதலில் கோத்து நிறுத்திவிட்டு, குறுக்கும் நெடுக்கும் தளர்வாக ஓட்டவும். இறுக்கினால் பின்னல் துணி இழுபடும்போது ஒட்டின் ஓரத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

துணிச்சீட்டு என்ன சொன்னாலும் கையில் துவைப்பதே மேல். 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். கறை நீக்கும் என்சைம் கலந்த சலவைத் திரவங்களைத் தொடவே கூடாது. ரத்தக்கறையைத் தின்னும் புரோட்டியேஸ் கம்பளியையும் தின்னும், இரண்டும் புரதம்தானே. கம்பளிக்கென்று விற்கும் நடுநிலைத் திரவம் போதும். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து படிந்து துணி விறைத்துவிடும், மழைநீரோ கேன் தண்ணீரோ கடைசி அலசலுக்காவது வேண்டும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கவைத்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் பதப்படுத்திய கம்பளி இன்னும் மோசம், செதில் பிடிப்பு இல்லாததால் கை முழம் போட்டு வளரும்.

அந்துப்பூச்சி விழுந்தால் பாச்சை உருண்டையை நம்ப வேண்டாம். காற்றுப் புகாத பையில் போட்டு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்கலாம், இல்லாவிட்டால் வேர்த்துக் கொட்டும். புழு தேடிப்போவது வியர்வையும் குழம்பும் பட்ட இடத்தைத்தான். குளிர் முடிந்து உள்ளே வைக்கும்முன் துவைத்தாலே பாதி ஓட்டைகள் வராது.

மியூல்சிங் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பழக்கம். நம் ஊட்டி சாண்டிநல்லாவில் காக்கப்படும் நீலகிரி ஆட்டுக்கும் மெரினோ ரத்தம் உண்டு, அந்த வெட்டு கிடையாது, ஆனால் அந்தக் கம்பளிக்கு முத்திரை குத்தி விற்க ஆளில்லை.

ஆக, இதைவிடச் சுகமான உள்ளாடை என்னிடம் இல்லை. வாங்காதீர்கள். குளோரின் போட்டார்களா இல்லையா என்று ஒரு வரி எழுத மனமில்லாதவருக்குப் பாதி விலையும் அதிகம். கையில் துவைக்கச் சம்மதம் என்றால் ஜி.ஓ.டி.எஸ். முத்திரை உள்ளதாகத் தேடுங்கள்.