விற்றவரும் விற்காதவரும்: தக்சின், பெர்லுஸ்கோனி

கோடீஸ்வரர் பிரதமரானால் முதலில் எழும் கோரிக்கை, "நிறுவனத்தைக் கைவிடுங்கள்" என்பதுதான். இத்தாலியின் சில்வியோ பெர்லுஸ்கோனி கடைசிவரை கைவிடவில்லை. தாய்லாந்தின் தக்சின் சினவத்ராவின் குடும்பம் விற்றது. ஆட்சிக் கவிழ்ப்பு வரை போனது, விற்றவரின் கதைதான்.

இருவரையும் சுதந்திரச் சந்தையின் பிள்ளைகள் என்பதை நான் ஏற்கமாட்டேன். இருவர் செல்வமும் அரசின் தயவில் வளர்ந்தது. 1984இல் நீதிபதிகள் பெர்லுஸ்கோனியின் தொலைக்காட்சி ஒளிபரப்பை முடக்கியபோது, பிரதமர் கிராக்சி அவசர ஆணை பிறப்பித்துக் காப்பாற்றினார். முன்னாள் போலீஸ் அதிகாரியான தக்சினுக்கு 1990இல் கிடைத்த கைபேசிச் சேவை உரிமமே அட்சய பாத்திரம். உரிமம் தரும் நாற்காலியில் உரிமதாரரே அமர்ந்தால் என்ன ஆகும்?

அரசியலில் இறங்கிய விதம் வேறு. லஞ்ச விசாரணைகளில் பழைய கட்சிகள் சரிந்து கிடந்த 1994 ஜனவரியில், பெர்லுஸ்கோனி ஒரு வீடியோ உரையில் களமிறங்கினார். அவருடைய விளம்பர விற்பனை நிறுவனத்து ஊழியர்களே ஃபோர்சா இத்தாலியா கட்சியைக் கட்டினார்கள். மார்ச் மாதமே வெற்றி. ஆனால் கூட்டணிக் கட்சி காலை வாரியதால் ஆண்டு முடிவதற்குள் அரசு கவிழ்ந்தது. தக்சின் அவசரப்படவில்லை. 1994இல் வெளியுறவு அமைச்சர், 1998இல் சொந்தக் கட்சி, 2001இல் பிரதமர். 30 பாத் (தாய்லாந்து நாணயம்) கட்டணத்தில் மருத்துவம், கிராமத்துக்குப் பத்து லட்சம் பாத் சுழல்நிதி, விவசாயக் கடனுக்கு மூன்றாண்டு அவகாசம் என்று கிராமத்தானின் கைக்கு எட்டும் திட்டங்களைத் தந்தார். 2005இல் 500 இடங்களில் 377ஐ வென்றதற்கு இதுவே காரணம்.

இனி விற்பனைக்கு வருவோம். 2006 ஜனவரியில் தக்சின் நிறுவிய தொலைத்தொடர்பு நிறுவனமான ஷின் கார்ப்பரேஷனின் பங்குகளைச் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்குக்கு ஏறத்தாழ 7,300 கோடி பாத்துக்குக் குடும்பம் விற்றது. வரி கட்டவில்லை. தொலைத்தொடர்பில் அந்நிய முதலீட்டு வரம்பை உயர்த்திய சட்டத் திருத்தம் அதற்குச் சில நாட்கள் முன்புதான் நடைமுறைக்கு வந்திருந்தது. பாங்காக் தெருவுக்கு வந்தது. செப்டம்பரில் ராணுவமும் வந்தது. பெர்லுஸ்கோனியோ 2004இல் தன் ஆட்சியிலேயே நலமுரண் சட்டம் (பதவியும் சொந்த லாபமும் மோதுவதைத் தடுக்கும் சட்டம்) இயற்றி, நிறுவனத்தின் உரிமையாளராக இருப்பது மட்டும் அரசுப் பதவிக்குத் தடையாகாது என்று எழுதிக்கொண்டார்! நான் பார்த்த சட்டத் தந்திரங்களில் இதற்கு இணை இல்லை.

இருவரில் யார் தேவலாம்? மக்களுக்கு எது மிஞ்சியது என்று பார்த்தால் தக்சின். அவரைக் கவிழ்த்தவர்களாலும் மருத்துவத் திட்டத்தைக் கைவிட முடியவில்லை. ஆனால் 2003இல் அவர் அறிவித்த போதைப்பொருள் ஒழிப்புப் போரில் மூன்றே மாதங்களில் 2,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை எந்தத் திட்டமும் ஈடுசெய்யாது. பெர்லுஸ்கோனி 2001 முதலும் 2008 முதலும் ஆட்சி செய்தும், தாராளவாதச் சீர்திருத்தம் என்று வாக்குறுதி தந்ததில் பெரும்பகுதி பேச்சோடு நின்றது. 2011இல் அவரை வீட்டுக்கு அனுப்பியது கடன் நெருக்கடிதான், ராணுவம் அல்ல.

2013இல் வரிமோசடிக்குத் தண்டனை பெற்ற பெர்லுஸ்கோனிக்கு 2023இல் அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடந்தது. வெளிநாட்டில் தங்கியிருந்து அதே ஆண்டு நாடு திரும்பிய தக்சின், ஊழல் வழக்குகளில் பெற்ற சிறைத்தண்டனைக்காலத்தில் மருத்துவமனையில் கழித்த நாட்கள் தண்டனையில் சேராது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் கூறியதால் சிறைக்குப் போனார். தக்சினின் தங்கை 2011இலும் மகள் 2024இலும் பிரதமரானார்கள். இருவரையும் நீதிமன்றமே பதவியிறக்கியது. பெர்லுஸ்கோனியின் பிள்ளைகள் தேர்தலில் நிற்கவில்லை. நிறுவனங்களை நடத்துகிறார்கள், தந்தை மறைந்த பிறகும் கட்சியின் கடனுக்குப் பிணை நின்றார்கள்.